தாயின் உணவும் பிறப்பு எடையும்: ஆலை அரிசி முதல் மிகையாகப் பதப்படுத்திய உணவு வரை – ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

கருவுற்ற தாய் உண்ணும் பதப்படுத்திய உணவு குழந்தையின் பிறப்பு எடையைப் பாதிக்கிறதா என்னும் வினா அண்மைக்கால ஊட்டவியல் ஆய்வுகளில் மீண்டும் மீண்டும் எழுப்பப்படுகிறது. இவ்வினாவில் இடம்பெறும் ‘பதப்படுத்திய உணவு’, ‘பிறப்பு எடை’ ஆகிய இரண்டும் வரலாற்றில் உருவாகிப் பொருள் மாறிவந்த கருத்தாக்கங்களாகும். சென்னை மாகாணத்தின் ஆலை அரிசி, லூசி வில்சின் ஈஸ்ட் சாறு ஆய்வு, நெதர்லாந்துப் பஞ்சம், புனே கிராம ஆய்வு, மிகையாகப் பதப்படுத்திய உணவு குறித்த இன்றைய ஆய்வுகள் ஆகியவற்றைக் கால வரிசையில் நோக்கி, உணவைப் பதப்படுத்துவதால் விளைந்த நன்மையும் தீமையும் பெரும்பாலும் பிறப்பு எடை என்னும் அளவுகோலுக்கு வெளியிலேயே நின்றன என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: பிறப்பு எடை, தாய்மை ஊட்டம், ஆலை அரிசி, பெரிபெரி, லூசி வில்ஸ், பதப்படுத்திய உணவு

முன்னுரை

தமிழகத்தில் மகப்பேறு நிகழும் மருத்துவமனை எதுவாயினும், குழந்தை பிறந்தவுடன் பதிவேட்டில் ஏறும் முதல் விவரங்களுள் ஒன்று அதன் எடை. உறவினர் கேட்கும் முதல் வினாக்களுள் ஒன்றும் அதுவே. 2.5 கிலோவுக்கு மேல் என்றால் நிம்மதி. அதற்குக் கீழ் என்றால் கவலை. தாய் கருவுற்ற காலத்தில் உண்டது நல்லதா, தீயதா என்பதற்கான தீர்ப்பாகவும் இவ்வெண் கொள்ளப்படுகிறது.

மறுபுறம், பிஸ்கட், நூடுல்ஸ், குளிர்பானம், பொட்டலத் தின்பண்டம் ஆகியன கருவுற்ற பெண்களின் அன்றாட உணவில் இடம்பெற்றுவிட்டன. இவற்றால் குழந்தையின் எடை குறைகிறதா, கூடுகிறதா என்று ஆராய்ந்தோர் ஒன்றுக்கொன்று முரணான முடிவுகளைத் தந்துள்ளனர். எடையில் மாற்றம் காணப்படாத ஆய்வுகளைக் கொண்டு, இவ்வுணவுகளால் கருவுக்குத் தீங்கில்லை எனக் கொள்வதற்கும் இடமேற்படுகிறது. அவ்வாறு கொள்வது சரியா என்பதே இக்கட்டுரையின் வினா. இதற்கு விடை காண, அளவுகோலின் வரலாற்றையும் உணவின் வரலாற்றையும் சேர்த்தே பார்க்க வேண்டியுள்ளது.

1. 2500 கிராம் என்னும் எல்லைக்கோடு

பிறப்பு எடையை ஒரு மருத்துவ எல்லையாக நிறுவியவர்களுள் முதன்மையானவர் ஃபின்லாந்து நாட்டுக் குழந்தை மருத்துவர் ஆர்வோ யுல்ப்போ. ஜெர்மனியில் பணியாற்றிய காலத்தில், 1919ஆம் ஆண்டு, 2500 கிராமை முதிராப் பிறப்புக்கான வரம்பாக அவர் முன்வைத்தார். கருவின் வயதைத் துல்லியமாக அறிய வழியில்லாத காலத்தில் தராசு எளிய கருவியாக உதவியது. 1948ஆம் ஆண்டு உலக சுகாதாரப் பேரவை இதே எண்ணை ஏற்றது. 1961இல் உலக சுகாதார நிறுவனத்தின் வல்லுநர் குழு ‘முதிராப் பிறப்பு’ என்பதை விடுத்துக் ‘குறைந்த பிறப்பு எடை’ என்னும் சொல்லாட்சியைப் பரிந்துரைத்தது. சிறிய குழந்தைகள் அனைவரும் குறைமாதக் குழந்தைகள் அல்லர் என்பது அதற்குள் தெளிவாகியிருந்தது.

இங்குக் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. இவ்வெல்லை, உடனடிக் கவனிப்புத் தேவைப்படும் குழந்தையை அடையாளம் காண வகுக்கப்பட்டதே தவிர, தாயின் உணவை மதிப்பிட வகுக்கப்பட்டதன்று. உணவுக்கும் கருவுக்கும் உள்ள உறவை அளக்கும் கருவியாக அது பின்னரே பயன்படுத்தப்பட்டது. இப்பயன்பாட்டின் வரம்பை உணர்த்தும் தொடக்ககாலச் சான்று சென்னை மாகாணத்திலேயே கிடைக்கிறது.

2. ஆலை அரிசியும் சென்னை மாகாணமும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இப்பகுதி மக்களின் உணவில் நிகழ்ந்த பெரும் மாற்றம் அரிசி ஆலைகளின் பரவலாகும். அதுவரை உரலும் உலக்கையும் செய்த வேலையை எந்திரம் ஏற்றது. உமியோடு தவிடும் முளையும் நீங்கி, வெண்மையான தீட்டிய அரிசி கிடைத்தது. தவிட்டிலும் முளையிலும் இருந்த தயமின் என்னும் உயிர்ச்சத்தில் பெரும்பகுதி உணவிலிருந்து நீங்கியது. தீட்டிய அரிசிக்கும் பெரிபெரியை ஒத்த நரம்பு நோய்க்கும் உள்ள தொடர்பை 1890களில் ஜாவாவில் கோழிகளை வைத்துக் கிறிஸ்தியான் எய்க்மான் கண்டறிந்திருந்தார். இதற்காக 1929ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றார்.

சென்னை மாகாணத்தில் பெரிபெரி எங்கும் சமமாகப் பரவவில்லை. கோதாவரி, கிருஷ்ணா, குண்டூர், விசாகப்பட்டினம் உள்ளிட்ட வடசர்க்கார் பகுதியில் அது நிலைகொண்டிருந்தது. தமிழ் மாவட்டங்களில் அது அரிதாகவே காணப்பட்டது. இரு பகுதியினரும் அரிசி உண்போரே. ஆலைகளும் இரு பகுதியிலும் இருந்தன. வேறுபாடு அரிசியின் வகையில் இருந்தது. வடசர்க்காரில் ஆலையில் தீட்டிய பச்சரிசி உண்ணப்பட்டது; தமிழ்ப் பகுதியில் புழுங்கலரிசி பெருவழக்காக இருந்தது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள நீரில் கரையும் சத்துகள் அரிசியின் உட்பகுதிக்குச் செல்கின்றன. பின்னர்த் தீட்டினாலும் ஒரு பகுதி எஞ்சுகிறது. குன்னூர் ஆய்வகத்தின் இயக்குநராக 1935இல் பொறுப்பேற்ற டபிள்யூ. ஆர். அய்க்ராய்டும் அவர் குழுவினரும் 1940ஆம் ஆண்டு இந்திய அரிசிச் சிக்கல் குறித்து வெளியிட்ட நூலில் இவ்வேறுபாட்டை விரிவாக ஆராய்ந்தனர்.

நெல்லை அவிப்பதும் பதப்படுத்தலே. எந்திரத்தால் தீட்டுவதும் பதப்படுத்தலே. ஒன்று காத்தது, மற்றொன்று களைந்தது. ஆகவே உணவு பதப்படுத்தப்பட்டதா இல்லையா என்னும் வினாவைக் காட்டிலும், பதப்படுத்தும் முறை அவ்வுணவை என்ன செய்கிறது என்னும் வினாவே பொருளுடையது.

தாய்சேய் நலத்தைப் பொறுத்தவரை இதன் விளைவு கொடியது. தயமின் குறைந்த உணவை உண்ட தாயின் பாலிலும் அச்சத்து குறைந்தது. குழந்தைப் பெரிபெரி பெரும்பாலும் பிறந்த இரண்டு முதல் ஐந்து மாதங்களுக்குள் தாக்கும். தாய்ப்பால் மட்டுமே குடித்து, கொழுகொழுவெனத் தோன்றிய குழந்தை திடீரென மூச்சுத்திணறி, இதயம் செயலிழந்து, சில மணி நேரத்தில் இறந்துவிடக்கூடும். அய்க்ராய்டும் கிருஷ்ணனும் 1941இல் பெரிபெரிப் பகுதியின் சிசு மரணங்களைத் தனியே ஆராய்ந்தமைக்கு இதுவே காரணம். இக்குழந்தைகளின் எடையை மட்டும் பார்த்திருந்தால், வரவிருந்த ஆபத்து தெரிந்திராது.

1934இல் காந்தியடிகளின் முன்முயற்சியில் தொடங்கிய அகில இந்தியக் கிராமத் தொழில்கள் சங்கம், தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பாவை அமைப்பாளராகக் கொண்டு, கைக்குத்தல் அரிசிக்கு ஆதரவு திரட்டியது. சத்தையும் கிராம வேலைவாய்ப்பையும் ஒருசேரக் காக்கும் முயற்சி அது. எனினும் நெல் குத்தும் உழைப்பு யாருடையது என்பதையும் எண்ண வேண்டும். அது பெரிதும் பெண்களுடையது. கருவுற்ற பெண்களும் அதற்கு விலக்கல்லர். கருக்காலத்தில் கடும் உடலுழைப்பு குழந்தையின் பிறப்பு எடையைக் குறைக்கக்கூடும் என்பதைப் புனே கிராம ஆய்வு பின்னாளில் காட்டியது. ஆலை, தாயின் உணவிலிருந்து தயமினை எடுத்தது. அவள் தோளிலிருந்து உலக்கையையும் எடுத்தது. இவ்விரண்டையும் ஒருங்கே நிறுத்துப் பார்க்காத மதிப்பீடு முழுமையாகாது.

3. லூசி வில்சும் ஈஸ்ட் சாறும்

ஆலை அரிசி, பதப்படுத்தலால் இழந்ததைக் காட்டுகிறது. அதே காலத்தில், அதே குன்னூரோடு தொடர்புடைய மற்றோர் ஆய்வு இதற்கு எதிரான சித்திரத்தைத் தருகிறது. ஆங்கிலேய மருத்துவரான லூசி வில்ஸ் (1888–1964), மார்கரெட் பால்ஃபரின் அழைப்பை ஏற்று 1928ஆம் ஆண்டு இந்தியா வந்தார். பம்பாய் நெசவாலைத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த கருவுற்ற பெண்களிடையே காணப்பட்ட கடும் இரத்தசோகையை ஆராய்வது அவர் பணி. பம்பாயின் ஹாஃப்கின் நிறுவனத்தை மையமாகக் கொண்டிருந்தாலும், 1929ஆம் ஆண்டின் கோடைக்காலத்தில் குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலும், 1931ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சென்னைத் திருவல்லிக்கேணியில் இயங்கிய கோஷா மருத்துவமனையிலும் அவர் பணிசெய்தார். அம்மருத்துவமனையே இன்றைய கஸ்தூர்பா காந்தி தாய்சேய் நல மருத்துவமனை.

நோயுற்ற பெண்களின் உணவை ஒத்த உணவை விலங்குகளுக்குக் கொடுத்துச் சோதித்த வில்ஸ், ஈஸ்ட் சாறு இந்த இரத்தசோகையைத் தீர்ப்பதைக் கண்டார். அவர் பயன்படுத்தியது மார்மைட். பீர் வடிக்கும் ஆலைகளில் எஞ்சும் ஈஸ்ட்டிலிருந்து செய்து, கடைகளில் புட்டியில் விற்கப்பட்ட பண்டம் அது. விலை மலிவு, கல்லீரல் சாற்றைப் போல் செலவு பிடிக்காதது. 1931ஆம் ஆண்டு வெளிவந்த அவரது கட்டுரை இதை மருத்துவ உலகுக்கு அறிவித்தது. இரத்தசோகையைத் தீர்த்த அப்பொருள் ‘வில்ஸ் காரணி’ எனப் பெயர்பெற்றது. 1941இல் பசலை வகைக் கீரையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட ஃபோலிக் அமிலத்தோடு அது பின்னர் இனங்காணப்பட்டது.

ஏழைப் பெண்களின் உயிரைக் காத்தது இங்கு ஒரு தொழிற்சாலைப் பண்டம். அதன் தொடர்ச்சி இன்னும் குறிப்பிடத்தக்கது. கருத்தரிக்கும் காலத்தில் ஃபோலிக் அமிலம் உட்கொண்டால் நரம்புக்குழாய்க் குறைபாடு மீண்டும் நிகழும் வாய்ப்பு 72 விழுக்காடு குறைவதாக 1991இல் வெளியான பிரித்தானிய மருத்துவ ஆய்வு மன்றத்தின் சோதனை காட்டியது. அமெரிக்க ஐக்கிய நாடுகளில் 1998 முதல் செறிவூட்டிய தானிய மாவில் இச்சத்தைச் சேர்ப்பது கட்டாயமாயிற்று. நரம்புக்குழாய் கருத்தரித்த 28 நாள்களுக்குள் மூடிக்கொள்கிறது. பல பெண்கள் தாம் கருவுற்றிருப்பதையே அறியாத காலம் அது. ஆலையில் சத்தைக் களைந்த மாவுக்கு ஆலையிலேயே சத்தைச் சேர்க்கும் இம்முறையின் பெரும் பயன், கருவின் உறுப்பு உருவாக்கத்தில் கிடைத்தது. ஒன்பது மாதம் கழித்துத் தராசு காட்டும் எண்ணில் அதைத் தேட இயலாது.

4. பஞ்சம் காட்டியதும் மறைத்ததும்

பிறப்பு எடை பயனற்ற அளவுகோல் என்பது இதன் பொருளன்று. உணவின் அளவே சுருங்கும்போது அது தெளிவாகப் பேசுகிறது. லெனின்கிராட் முற்றுகையின்போது, 1942ஆம் ஆண்டின் முற்பாதியில் பிறந்த குழந்தைகளின் சராசரி எடை 500 கிராமுக்கு மேல் குறைந்தது. 1944 நவம்பர் முதல் 1945 மே வரை நெதர்லாந்தின் மேற்குப் பகுதியில், ஜெர்மானிய ஆக்கிரமிப்பால் நேர்ந்த பஞ்சத்தில், ஒருவருக்கான நாள் பங்கீடு 1000 கலோரிக்கும் கீழ் இறங்கியது. கருக்காலத்தின் கடைசி மூன்று மாதங்களில் பஞ்சத்துக்கு ஆளான தாய்மாரின் குழந்தைகள் சராசரியாக 300 கிராம் அளவு எடை குறைந்து பிறந்தன.

ஆனால் அதே பஞ்சம் மற்றொன்றையும் உணர்த்தியது. கருவின் தொடக்க மாதங்களில் மட்டும் பஞ்சத்துக்கு உட்பட்டு, பின்னர்த் தாய் நல்லுணவு பெற்ற குழந்தைகள் குறையாத எடையுடன் பிறந்தன. நடுவயதை எட்டியபோது இவர்களிடையே இதய நோயும் இரத்தக் கொழுப்புக் கோளாறும் மிகுந்து காணப்பட்டன. எடையில் பதியாத பாதிப்பு உடலில் பதிந்திருந்தது.

கருக்கால ஊட்டத்துக்கும் பிற்கால நோய்க்கும் உள்ள இவ்வுறவைப் பரவலாக விவாதத்துக்குக் கொண்டுவந்தவர் டேவிட் பார்க்கர். இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் மாவட்டத்தில் எதெல் மார்கரெட் பர்ன்சைட்டின் மேற்பார்வையில் 1911 முதல் பேணப்பட்ட பிறப்புப் பதிவேடுகளைக் கொண்டு, 5654 ஆண்களின் வாழ்வை அவர் குழு பின்தொடர்ந்தது. 1989இல் வெளிவந்த முடிவின்படி, பிறப்பிலும் ஓராண்டிலும் எடை குறைந்திருந்தோரிடையே இதய நோய் மரணம் மிகுந்திருந்தது. பிறப்பு எடைக்குப் புதிய மதிப்பு கிடைத்தது இதனால்தான். எனினும் எடை என்பது கருவறையில் நடந்ததன் ஒரு சுவடு மட்டுமே என்பதை நெதர்லாந்துச் சான்றோடு சேர்த்துப் படிக்கும்போது உணரலாம்.

5. புனே கிராமங்கள்: எடையும் உடலமைப்பும்

இந்தியச் சூழலில் இச்சிக்கலை நேரடியாக எதிர்கொண்டது, சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் கரோலின் ஃபாலும் உள்ளிட்டோர் 1993இல் புனேவுக்கு அருகில் ஆறு கிராமங்களில் தொடங்கிய தாய்மை ஊட்ட ஆய்வு. 2001இல் வெளியான அதன் முடிவு பலரையும் வியக்கவைத்தது. தாய் உட்கொண்ட மொத்த ஆற்றலின் அளவோ புரதத்தின் அளவோ குழந்தையின் பிறப்பு அளவோடு தொடர்புறவில்லை. கீரை, பழம், பால் ஆகியவற்றை எவ்வளவு அடிக்கடி உண்டார் என்பதே தொடர்புற்றது. எவ்வளவு உண்டார் என்பதைவிட எதை உண்டார் என்பது முதன்மை பெற்றது.

அதைவிட ஆழமான மற்றொரு முடிவும் கிடைத்தது. புனேக் குழந்தைகளின் சராசரி எடை 2.7 கிலோ, ஒப்பிட்டு நோக்கிய இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் குழந்தைகளின் சராசரி எடை 3.5 கிலோ. புனேக் குழந்தைகளிடம் தசையும் வயிற்று உள்ளுறுப்புகளும் மிகச் சிறுத்திருந்தன. தோலடிக் கொழுப்போ அந்த அளவுக்குக் குறையவில்லை. மெலிந்த தோற்றமும் கொழுப்பு மிகுந்த உடலமைப்பும் கொண்ட குழந்தை என இவ்வியல்பு விவரிக்கப்பட்டது. எடை என்னும் ஒற்றை எண் தசையையும் கொழுப்பையும் வேறுபடுத்துவதில்லை. பிற்கால நீரிழிவு ஆபத்தை அறிய இவ்வேறுபாடே தேவைப்படுகிறது.

இதன் தொடர்ச்சியாக மும்பைக் குடிசைப் பகுதிகளில் 6500க்கும் மேற்பட்ட பெண்களைக் கொண்டு ஒரு சோதனை நடத்தப்பட்டது. ஒரு பிரிவினருக்குக் கீரை, பழம், பால் சேர்த்த சிற்றுண்டியும், மற்றொரு பிரிவினருக்கு உருளைக்கிழங்கு, வெங்காயம் போன்றவற்றால் ஆன சிற்றுண்டியும் கருத்தரிப்பதற்கு முன்பிருந்தே நாள்தோறும் வழங்கப்பட்டன. 2014இல் வெளியான முடிவின்படி, அனைவரையும் சேர்த்துப் பார்த்தபோது பிறப்பு எடையில் உறுதியான வேறுபாடு இல்லை. கருத்தரிப்பதற்கு மூன்று மாதமேனும் முன்பாகத் தொடங்கியவர்களிடையே 48 கிராம் கூடுதல் காணப்பட்டது. ஆனால் கீரையும் பழமும் பாலும் பெற்ற தாய்மாரிடையே கர்ப்பகால நீரிழிவு குறைந்திருந்தது. உணவின் பயன் இங்கும் எடைக்கு வெளியே தெரிகிறது.

6. மிகையாகப் பதப்படுத்திய உணவு: புதிய வகைப்பாடும் பழைய அளவுகோலும்

பிரேசிலின் சாவோ பாவுலோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்லோஸ் மொன்டெய்ரோ 2009இல் முன்வைத்து, பின்னர் நோவா எனப் பெயர்பெற்ற வகைப்பாடு, உணவைச் சத்தின் அடிப்படையில் அன்றிப் பதப்படுத்தலின் தன்மை, நோக்கம் ஆகியவற்றின் அடிப்படையில் பிரிக்கிறது. இன்றைய நிலையில் இது நான்கு பிரிவுகளைக் கொண்டது. அரிசி, காய், பால் ஆகியன முதற்பிரிவு. எண்ணெய், உப்பு, சர்க்கரை இரண்டாம் பிரிவு. இவற்றைச் சேர்த்துச் செய்யும் எளிய பண்டங்கள் மூன்றாம் பிரிவு. பிரித்தெடுத்த மாவுப்பொருள், கொழுப்பு, சர்க்கரை ஆகியவற்றோடு நிறமும் மணமும் பிற கூட்டுப்பொருள்களும் சேர்த்து ஆலையில் உருவாக்கப்படுவன நான்காம் பிரிவு. புழுங்கலரிசியும் குளிர்பானமும் ஒரே சொல்லால் சுட்டப்பட்டுவந்த குழப்பத்தை இவ்வகைப்பாடு ஓரளவு நீக்கியது.

இவ்வகைப்பாட்டுக்கு முன்பே, 44,612 டேனிஷ் பெண்களை உள்ளடக்கிய 2008ஆம் ஆண்டு ஆய்வு, பதப்படுத்திய இறைச்சியும் கொழுப்பு மிகுந்த பாற்பொருள்களும் நிறைந்த உணவுமுறையைக் காட்டிலும் காய், பழம், மீன் மிகுந்த உணவுமுறையில் கருவளர்ச்சிக் குறைவு அரிதாக இருந்ததைக் காட்டியது. மறுபுறம், மிகையாகப் பதப்படுத்திய உணவு குறித்த ஆய்வுகளைத் தொகுத்து 2022இல் வெளிவந்த பகுப்பாய்வு ஒன்று, அவ்வுணவு மிகுந்த தாய்மாரிடையே கர்ப்பகால நீரிழிவும், ப்ரீ-எக்ளாம்சியா என்னும் உயர் இரத்த அழுத்த நோயும் மிகுவதாகக் கண்டது. குறைந்த பிறப்பு எடையோடு உறுதியான தொடர்பைக் காணவில்லை.

இம்முரணை விளக்க உடலியல் உதவுகிறது. தாயின் இரத்தத்தில் மிகும் சர்க்கரை நச்சுக்கொடி வழியே கருவை அடைந்து, கருவின் இன்சுலினைத் தூண்டி, கொழுப்பையும் எடையையும் கூட்டுகிறது. 1952இல் கோபன்ஹேகனின் யோர்கன் பெடர்சன் விளக்கிய கருத்து இது. 2008இல் ஒன்பது நாடுகளின் 23,000க்கும் மேற்பட்ட பெண்களை ஆராய்ந்த பெரும் ஆய்வு, சர்க்கரை அளவு கூடக்கூடப் பிறப்பு எடையும் படிப்படியாகக் கூடுவதை உறுதிசெய்தது. உயர் இரத்த அழுத்தமோ நச்சுக்கொடியின் இரத்த ஓட்டத்தைக் குறைத்து எடையைக் குறைக்கிறது. ஒரே உணவுமுறை ஒரு தாயிடம் எடையைக் கூட்டவும் மற்றொரு தாயிடம் குறைக்கவும் வல்லதாயின், சராசரியில் இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடக்கூடும். அப்போது ‘மாற்றமில்லை’ என்னும் முடிவு, தீங்கில்லை என்பதற்குச் சான்றாகாது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் 45 தாய்மாரைக் கொண்டு நடந்த சிறிய ஆய்வொன்று (2017), இவ்வகை உணவு மிகுந்தபோது பிறந்த குழந்தையின் உடற்கொழுப்பு மிகுந்திருந்ததைக் காட்டியதும் இவ்வகையில் எண்ணத்தக்கது. இவ்வாய்வுகள் தொடர்பைக் காட்டுவனவேயன்றிக் காரணத்தை நிறுவுவன அல்ல. மிகையாகப் பதப்படுத்திய உணவைப் பெரிதும் உண்போரிடையே வறுமை, நேரமின்மை, வேலைச்சுமை ஆகியனவும் உடனிருக்கக்கூடும்.

முடிவுரை

ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் பிறக்கும் குழந்தைகளில் ஏறத்தாழ 18 விழுக்காட்டினர் 2500 கிராமுக்குக் கீழ் உள்ளனர். எனவே இவ்வெல்லையைக் கைவிட இயலாது, கைவிடவும் கூடாது. ஆனால் அதன் பணி எது, எது அன்று என்பதை வரலாறு வரையறுத்துக் காட்டுகிறது. உணவின் பற்றாக்குறையை அது நன்கு காட்டுகிறது. உணவின் தன்மை மாறும்போது அதன் பார்வை மங்குகிறது. வடசர்க்காரில் கொழுகொழுவெனத் தோன்றிய குழந்தை மூன்றாம் மாதத்தில் இறந்ததும், நெதர்லாந்தில் குறையாத எடையுடன் பிறந்த குழந்தை ஐம்பது வயதில் இதய நோயுற்றதும் இதற்குச் சான்றுகள்.

தமிழகத்தில் 1987இல் தொடங்கிய டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டமும் அங்கன்வாடிகளில் வழங்கப்படும் சத்துமாவும் பற்றாக்குறையை எதிர்கொள்ள எழுந்தவை. வறுத்து அரைத்த சத்துமாவும் பதப்படுத்திய உணவே. அதைக் குளிர்பானத்தோடு ஒரே நிரையில் வைத்தல் பொருந்தாது. இத்திட்டங்களின் பயனை மதிப்பிடும்போது பிறப்பு எடையோடு தாயின் இரத்தச் சர்க்கரை, இரத்த அழுத்தம், இரத்தசோகை ஆகியவற்றையும் இணைத்து நோக்க வேண்டும். பிக்மி எண் வழியாகக் கருவுற்ற ஒவ்வொரு பெண்ணையும் பதிவுசெய்யும் அமைப்பு இங்கு ஏற்கெனவே உள்ளது. அதில் உணவு குறித்த சில எளிய வினாக்களும் இடம்பெறுமாயின், ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் பதிவேட்டைப் போல வருங்கால ஆய்வாளர்க்கு அது பெருஞ்செல்வமாகும். தமிழ்ப் பகுதி மருத்துவமனைகளின் பழைய பதிவேடுகளைத் தேடிப் பாதுகாப்பதும், புழுங்கலரிசியிலிருந்து ஆலை அரிசிக்கும் பொட்டல உணவுக்கும் நகர்ந்த கருக்கால உணவின் வரலாற்றைத் தாய்மாரின் வாய்மொழியாகத் திரட்டுவதும் இனி மேற்கொள்ளத்தக்க ஆய்வுகளாகும்.